ஆளாகும் கதைகள்: தெற்கு ஆப்பிரிக்க நாவல்களைப் படிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில வருடங்களாக இந்தப் புத்தகங்களை நண்பர்களுக்குக் கடன் கொடுத்து வருகிறேன். புத்தகம் திரும்பி வருகிறதோ இல்லையோ, கேள்விகள் தவறாமல் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

'ஆளாகும் கதை' என்றால் என்ன? சிறுவர் இலக்கியமா?

சிறுவர்களைப் பற்றியது. சிறுவர்களுக்கானது என்று சொல்ல முடியாது. ஒரு பையனோ பெண்ணோ எட்டு, பத்து வயதிலிருந்து பதினெட்டு, இருபது வரை வளர்வதைக் கூடவே நடந்து சொல்லும் கதை. விமர்சகர்கள் இதற்கு ஜெர்மன் மொழியிலிருந்து வாயில் நுழையாத ஒரு பெயரை எடுத்து வைத்திருக்கிறார்கள். நமக்கு 'ஆளாவது' என்ற சொல்லே போதும். பெண் ஆளானாள் என்றால் அது உடம்பு சம்பந்தப்பட்டது. படிக்கவைத்து ஆளாக்கினார் என்றால் அது காசு சம்பந்தப்பட்டது, கூடவே நன்றிக்கடனும். நான் கீழே சொல்லும் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் ஓடுகின்றன. யார் ஆளாக்கினார், பதிலுக்கு என்ன எதிர்பார்த்தார் என்று ஒரு கண் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதிக் கதை பிடிபட்டுவிடும்.

தெற்கு ஆப்பிரிக்கா என்றால் தென்னாப்பிரிக்காதானே?

தென்னாப்பிரிக்கா ஒரு நாடு. நான் சொல்வது அதையும் சேர்த்து ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி, மொசாம்பிக், சாம்பியா, மலாவி என்று அந்த முனை முழுவதையும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் இவற்றை ஒன்றாகப் பேசவில்லை. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தங்கச் சுரங்கங்களுக்கு லெசோத்தோ, மொசாம்பிக், மலாவியிலிருந்தெல்லாம் ஆண்கள் ஒப்பந்தத் தொழிலாளிகளாகப் போனார்கள். ஆண்கள் மட்டும் தங்கும் விடுதிகளில்தான் அவர்களுக்கு இடம். மனைவி மக்களைக் கூட்டிப்போக முடியாது. இந்தப் பகுதிக் கதைகளில் வீட்டில் அப்பா இல்லாமல் பாட்டி மட்டும் இருந்தால், காரணத்தை ஆசிரியர் சொல்லாமலே விட்டிருப்பார். உள்ளூர் வாசகருக்குத் தெரியும் என்று விட்டது அது.

எதில் தொடங்கலாம்?

சிட்சி டங்கரெம்ப்காவின் 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்'. யோசிக்கவே வேண்டாம். 1988இல் வந்தது, மறு வருடம் ஆப்பிரிக்கப் பகுதிக்கான காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு வாங்கியது. கதை நடக்கும் காலத்தில் ஜிம்பாப்வேக்கு ரொடீசியா என்று பெயர். கதை சொல்பவள் தம்புட்சாய், சுருக்கமாகத் தம்பு. 1968இல் அவளுக்குப் பதின்மூன்று வயது. அண்ணன் செத்ததற்குத் தனக்கு வருத்தம் இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறாள். முதல் வரியிலேயே ஒரு சின்னப் பெண் இப்படிப் பேசினால் நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஐம்பது பக்கம் போனதும் 'அவள் சொன்னதில் என்ன தப்பு' என்று தோன்ற ஆரம்பிக்கும்.

அண்ணன் இருந்தவரை மிஷன் பள்ளியில் படிக்கும் வாய்ப்பு அவனுக்கு. அவன் போனபின், வேறு ஆண்பிள்ளை படிக்கும் வயதில் இல்லாததால், அது இவளுக்கு வருகிறது. அங்கே பெரியப்பா மகள் நியாஷா இருக்கிறாள். இங்கிலாந்தில் சில வருடம் வளர்ந்து வந்தவள். தாய்மொழி ஷோனா நாக்கில் தடுமாறுகிறது, அப்பாவை எதிர்த்துப் பேசத் தயக்கமே இல்லை. தம்பு எதை அடைய ஏங்குகிறாளோ, அது நியாஷாவுக்குத் தொண்டையில் சிக்கிய முள். சாப்பாட்டு மேசையில் அப்பா தட்டைக் காலிசெய்யச் சொல்வார், அவள் சாப்பிட்டுவிட்டுப் போய் வாந்தி எடுப்பாள். கடைசியில் மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது, இந்த நோய் ஆப்பிரிக்கர்களுக்கு வராது என்று ஒரு வெள்ளைக்கார மனநல மருத்துவர் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன்.

இதே தம்புவின் கதை இன்னும் இரண்டு புத்தகங்களில் தொடர்கிறது: 2006இல் 'தி புக் ஆஃப் நாட்', 2018இல் 'திஸ் மோர்னபிள் பாடி'. மூன்றாவது 2020இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. அதில் தம்புவை 'நீ' என்று அழைத்தே கதை முழுவதும் நகரும். பழக இருபது பக்கம் ஆகும்.

உறவுப் பெயர்கள் குழப்புகின்றன. பாபாமுகுரு, மைகுரு, மைனினி, டேட்டே... யார் யார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆங்கில வாசகர்கள்தான் இங்கே திணறுவார்கள். எல்லோரையும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று இரண்டே கூடையில் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். நமக்கு அகராதியே தேவையில்லை.

ஷோனாவில் 'பாபா' என்றால் அப்பா, 'முகுரு' என்றால் பெரியவர். பாபாமுகுரு அப்படியே நம் பெரியப்பா. 'பாபாமுனினி' சித்தப்பா. மைகுரு பெரியம்மா: பெரியப்பாவின் மனைவியும் அவள்தான், அம்மாவின் அக்காவும் அவள்தான், நம்மூரைப் போலவே. மைனினி சித்தி. 'டேட்டே' என்பவள் அப்பாவின் உடன்பிறந்தவள், அதாவது அத்தை. நம் அத்தையைப் போலவே கல்யாணம் கருமாதி எதிலும் அவள் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு.

இதைப் பிடித்துக்கொண்டால் 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவலே வேறு மாதிரி தெரியும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் படித்து முன்னேறிவிட்டார், தலைமையாசிரியர் ஆகிவிட்டார், தம்பி பிள்ளைகளைத் தன் செலவில் படிக்கவைக்கிறார், அதனால் எல்லார் வாழ்க்கையிலும் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார். இந்தப் பெரியப்பாவை நமக்குத் தெரியாதா என்ன? அவர் ஊருக்கு வரும்போது கார் சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்து நிற்பதும், அவர் போனபின் முணுமுணுப்பதும் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் நான் பார்த்ததுதான். பாபாமுகுருவின் மனைவி மைகுருவும் முதுகலைப் பட்டம் வாங்கியவர், வேலைக்குப் போகிறவர். இது தெரியவரும்போது தம்பு அசந்துபோகிறாள், ஏனென்றால் வீட்டில் யாரும் அதைப் பேசியதே இல்லை. ஊரே பாபாமுகுருவின் தயவு என்று சொல்லும் பணத்தில் மைகுருவின் சம்பளமும் கலந்திருக்கிறது.

ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. மாமன் மகள், அத்தை மகளைக் கட்டும் வழக்கம் ஷோனா மக்களிடம் பொதுவாகக் கிடையாது. 'முடுப்போ' என்று குலச்சின்னம் பார்ப்பார்கள். சின்னம் ஒன்றானால் கல்யாணம் கூடாது. அப்புறம் பணம் போகும் திசையும் தலைகீழ். அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு மாடாகவோ காசாகவோ கொடுக்கவேண்டும். ஷோனாவில் அது ரோரா, தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் லொபோலா. அப்படியென்றால் பெண்ணுக்கு மதிப்பு அதிகமோ என்று அவசரப்படவேண்டாம். வேறு வீட்டுக்குப் போகப்போகிறவள் படித்து என்ன ஆகப்போகிறது, புத்தகத்தைச் சமைத்துப் புருஷனுக்குப் போடுவாளா என்று தம்புவின் அப்பாவும் கேட்கத்தான் செய்கிறார்.

ஏன் எந்தக் கதையை எடுத்தாலும் பள்ளிக் கட்டணத்திலேயே வந்து நிற்கிறது?

இருபதாம் நூற்றாண்டு முழுக்க அங்கே குழந்தைப் பருவத்தை இரண்டாக வெட்டியது அந்தக் கட்டணம்தான். நிறவெறி ஆட்சிக் காலத் தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக் குழந்தைகளுக்குப் பள்ளி இலவசம், கட்டாயமும்கூட. கறுப்புக் குழந்தைகளுக்கு இரண்டும் கிடையாது.

தம்புவின் சோளக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குக் கட்டவே வீட்டில் காசு தட்டுப்பாடு, தம்புவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் விதை கொடுங்கள், நானே மக்காச்சோளம் போட்டு விற்றுக் கட்டணம் கட்டுகிறேன் என்கிறாள். அப்பா சிரிக்கிறார். அம்மா சொல்லி விதை கிடைக்கிறது. குடும்ப வயலில் வேலை தொடங்கும் முன், விடியற்காலையில் போய்த் தன் துண்டு நிலத்தைக் கொத்துகிறாள். கதிர் முற்றும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது. திருடியது யார்? சொந்த அண்ணன். பறித்துக் கூட்டாளிகளுக்குத் தானம் செய்திருக்கிறான். கட்டிப்புரண்டு சண்டை. விலக்கிவிட்ட ஆசிரியர், மிஞ்சிய கதிர்களோடு அவளை வண்டியில் ஏற்றி உம்டாலி நகரத்துக்கு விற்கக் கூட்டிப்போகிறார். (உம்டாலி இன்று முட்டாரே.) சின்னப் பிள்ளையை இப்படி வேலை வாங்குகிறாயே என்று ஒரு வெள்ளைக்கார மூதாட்டி ஆசிரியர்மேல் பாய்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் பத்து பவுண்டு கொடுத்துவிட்டுப் போகிறாள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு அடுத்து வருவது. பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா விடமாட்டார் என்று ஆசிரியருக்குத் தெரியும். தம்புவின் பள்ளித் தலைமையாசிரியரிடம் (பெரியப்பா அல்ல, வேறொருவர்) கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். அப்பா பள்ளிக்கே வந்து, மகள் பணம் என் பணம்தானே, எடு என்கிறார். ரசீது அவள் பெயரில் இருக்கிறது, தர முடியாது என்று பதில் வருகிறது. ஒரு துண்டுச் சீட்டில் தன் பெயர் இருப்பதன் பலம் பத்து வயதைக்கூடத் தாண்டாத பெண்ணுக்குப் புரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் தம்பு ஆளானது அந்த ரசீதில்தான்.

மலாவிக்குப் போனாலும் இதே கதை. வில்லியம் கம்குவாம்பா 1987இல் பிறந்தவர். 2001, 2002 பஞ்சத்தில் கட்டணம் கட்ட வழியில்லாமல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். உள்ளூர் நூலகத்தில் கிடைத்த புத்தகப் படத்தைப் பார்த்து, பழைய சைக்கிள் பாகங்களையும் மரக் கம்பங்களையும் வைத்துக் காற்றாலை கட்டினார். 'தி பாய் ஹூ ஹார்னஸ்ட் தி விண்ட்' என்ற அவருடைய வாழ்க்கைக் கதையைச் சாதனைக் கதையாகவே எல்லோரும் படிக்கிறார்கள். நான் அதைப் பசிக் கதையாகத்தான் படித்தேன். காற்றாலை வருவதற்கு முன்னால் வரும் பஞ்ச அத்தியாயங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் எஸ்கியா எம்பாலேலே எழுதிய தன்வரலாறு 'டவுன் செகண்ட் அவென்யூ' 1959இல் வந்தது. பிரிட்டோரியாவில் மராபஸ்டாட் என்ற கறுப்பர் குடியிருப்பு. பாட்டியும் அம்மாவின் உடன்பிறந்தவளும் வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளைத் துவைக்கிறார்கள், பையன் மூட்டையைச் சுமந்து எடுத்துவருகிறான், திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வீட்டில் காய்ச்சும் பீர் சட்டவிரோதம். தகர டப்பாக்களில் ஊற்றி மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள், போலீஸ் வந்து கம்பியால் தரையைக் குத்திப் பார்க்கும். இந்த வருமானத்தில் வளர்ந்த பையன்தான் பிறகு ஆசிரியரானான். கறுப்பர் கல்வியைக் கூலி வேலைக்கான அளவோடு நிறுத்தும் திட்டத்தை எதிர்த்ததற்காக அந்த வேலையையும் இழந்தான். அந்தத் திட்டம் 1953இல் பாண்டு கல்விச் சட்டமாக வந்தது.

வரலாறு தெரியாமல் படித்தால் புரியுமா?

புரியும். சில வருடங்களை மட்டும் புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், போதும். தென்னாப்பிரிக்காவில் 1948இல் நிறவெறி ஆட்சி வந்தது. 1976 ஜூன் 16 அன்று ஆட்சியிலிருந்த வெள்ளையரின் ஆப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சோவெட்டோவின் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. 1994இல் எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல். ரொடீசிய வெள்ளையர் அரசு 1965இல் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டது, 1980இல் அது ஜிம்பாப்வே ஆனது. மொசாம்பிக்குக்கு 1975இல் விடுதலை, பின்னாலேயே 1992 வரை உள்நாட்டுப் போர்.

பையன்கள் ஆளாவது பற்றி?

மொசாம்பிக்கின் லூயிஸ் பெர்னார்டோ ஹொன்வானா 1964இல், போர்ச்சுகீசியர் ஆட்சி நடந்தபோதே வெளியிட்ட ஒரு தொகுப்பு உண்டு. அதில் சொறிநாய்க் கதை ஒன்று. ஊரில் திரியும் கிழட்டு நாயைச் சுட்டுக் கொல்லும் வேலை ஒரு பையன் கூட்டத்திடம் வருகிறது. கதை சொல்பவன் ஜின்ஹோ, கூட்டத்தில் மதிப்பில்லாதவன். பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வாங்காமலிருக்க அவனும் துப்பாக்கியைத் தொட்டாக வேண்டும். அரசியல் பெயருக்குக்கூட இல்லை, ஆனால் காலனி ஆட்சி மொத்தமும் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களின் ஆண்மைச் சடங்கு பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். நெல்சன் மண்டேலாவின் தன்வரலாற்றிலேயே நல்ல வர்ணனை இருக்கிறது. 1934இல் அவருக்குப் பதினாறு வயது. சுன்னத்து முடிந்து, உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசி, ஊருக்கு ஒதுக்குப்புறக் குடிசையில் தங்கவைக்கிறார்கள். முடிவில் குடிசையையும் அதிலிருந்த பொருள்களையும் எரித்துவிட்டு நடக்கவேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. அவர் திரும்பிப் பார்த்துவிடுகிறார். அன்றைய விருந்தில் ஒரு குறுநிலத் தலைவர் எழுந்து, சொந்த நாட்டில் நாமே அடிமைகள், இந்தப் பிள்ளைகளுக்கு ஆண்மை தருவதாகச் சொல்வது வெறும் பேச்சு என்று பேசிவிடுகிறார். நல்ல நாளும் அதுவுமாக இப்படிப் பேசுகிறாரே என்று பையன் மண்டேலாவுக்கு எரிச்சல். அதே சடங்கு தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதைத் தாண்டோ எம்கோலோசானா 2009இல் 'எ மேன் ஹூ இஸ் நாட் எ மேன்' நாவலில் எழுதினார்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதைகளையும் படிக்கவேண்டுமா?

படிக்கலாம், ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளவேண்டாம். தென்னாப்பிரிக்காவின் ஜே. எம். கூட்ஸி எழுதிய 'பாய்ஹுட்' போதும். தன் சிறுவயதைத் தானே 'அவன்' என்று படர்க்கையில் எழுதியிருக்கிறார். புதுப் பள்ளியில் நீ கிறிஸ்தவனா, கத்தோலிக்கனா, யூதனா என்று கேட்கிறார்கள். வீட்டில் எந்த மதமும் கிடையாது. என்ன சொல்வது என்று தெரியாமல் கத்தோலிக்கன் என்று சொல்லிவிட்டு, வருடக்கணக்கில் அந்தப் பொய்யைச் சுமக்கிறான்.

அங்குள்ள தமிழர்கள் யாரும் எழுதவில்லையா?

எழுதியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போனவர்களின் வாரிசுகளில் ஒருவர் ரோனி கோவெண்டர். பெயரைக் காதால் கேட்டால் கவுண்டர் உள்ளே ஒளிந்திருப்பது தெரியும். டர்பன் புறநகரான கேட்டோ மேனரில் 1934இல் பிறந்தவர். எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் வாழலாம் என்று பிரித்துவைத்து 1950இல் வந்த குழுப்பகுதிச் சட்டத்தின் பேரில் அங்கிருந்த மக்களைக் கிளப்பிவிட்டு வீடுகளை இடித்தார்கள். அழிந்துபோன அந்தத் தெருக்களை 1996இல் 'அட் தி எட்ஜ்' என்ற சிறுகதைத் தொகுப்பில் திரும்பக் கட்டினார்.

ஒரே சோகமாக இருக்குமோ?

நோவயலெட் புலவாயோவின் 'வீ நீட் நியூ நேம்ஸ்' படித்துப் பாருங்கள். 2013இல் வந்தது. ஜிம்பாப்வேயில் வீடுகள் புல்டோசரில் போனபின் 'பாரடைஸ்' என்ற தகரக் குடிசைப் பகுதியில் வாழும் பிள்ளைகள். பத்து வயது டார்லிங்கும் கூட்டாளிகளும் 'புடாபெஸ்ட்' என்ற பணக்காரப் பகுதிக்குள் புகுந்து கொய்யா திருடுகிறார்கள். பசிக்குக் கொய்யா மட்டுமே தின்றால் மறுநாள் புதருக்குப் பின்னால் என்ன பாடு என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டே படித்தேன். பக்கத்தைத் திருப்பினால் அதே கூட்டத்தில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி கர்ப்பமாக இருக்கிறாள்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. எதைக் கொடுக்கலாம்?

கம்குவாம்பாவைத் தாராளமாக. 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' கொடுக்கலாம். நீங்களும் படித்துவிட்டு நியாஷாவைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள். டார்லிங்கின் கதைக்கு இரண்டு வருடம் போகட்டும். கேப் டவுன் தெருச் சிறுவனைப் பற்றிய செல்லோ டுய்க்கரின் 'தர்ட்டீன் சென்ட்ஸ்' வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கே தாங்காது.

என் ஆங்கிலம் சுமார்தான். முடியுமா?

தென்னாப்பிரிக்க நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா தன் சிறுவயதைப் பற்றி எழுதிய 'பார்ன் எ கிரைம்' பேச்சு நடையில் இருக்கும், அதில் ஆரம்பியுங்கள். கூட்ஸியின் வாக்கியங்கள் சின்னவை, சொற்களும் எளியவை. டங்கரெம்ப்காவின் வாக்கியங்கள் கொஞ்சம் நீளம். தம்பு மிஷன் பள்ளியில் கற்ற ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும். ஷோனாச் சொல் வரும்போதெல்லாம் நிறுத்தித் தேடாதீர்கள்.

எல்லாக் கதையிலும் 'சட்ஸா' சாப்பிடுகிறார்களே, அது என்ன?

வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் களி. ஜிம்பாப்வேயில் சட்ஸா, மலாவியில் ந்சிமா, தென்னாப்பிரிக்காவில் பாப். கேழ்வரகுக் களி போலவே கையால் பிய்த்து உருட்டித் தொட்டுக்கொண்டு சாப்பிடவேண்டும்.

வீட்டில் செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை. கடையில் 'கார்ன் ஃப்ளோர்' என்று விற்பது வெறும் மாச்சத்து. முதல் தடவை அதை வாங்கிவந்து போஸ்டர் ஒட்டும் பசை கிண்டிவிட்டேன். மக்காச்சோள மாவு என்று கேட்டு வாங்குங்கள், இங்கே பெரும்பாலும் மஞ்சளாகத்தான் கிடைக்கும். கொஞ்சம் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிநீர் ஊற்றிக் கஞ்சியாக்கி, மூடி வைத்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, அப்புறம் மிச்ச மாவைப் போட்டுக் கட்டி விழாமல் துடுப்பால் அழுத்திக் கிண்டவேண்டும். தொட்டுக்கொள்ள, கீரையை வதக்கி வேர்க்கடலை விழுது சேர்ப்பார்கள். புளித்த பாலோடும் சாப்பிடுவதுண்டு. எங்கள் வீட்டில் மிஞ்சியதை மறுநாள் காலை மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டோம்.